இருபத்திரெண்டு பேர் பாஸ், ஒருத்தி ஃபெயில்

ஒரகடம்
18-11-1991

ரகுபதி சாருக்கு பாஞ்சாலி எழுதறது.

வணக்கம்லாம் அப்புறம் வெச்சிக்கலாம். மொதல்ல எனக்கு ஒரு பதில் வேணும்.

வெள்ளிக்கெழம நோட்டீஸ் போர்டுல ரிசல்ட் ஒட்டுனாங்க. இருபத்திமூணு பேர் பரீட்சைக்கு நின்னோம். இருபத்திரெண்டு பேர் பாஸ். நான் ஒருத்திதான் ஃபெயில். உங்களையே கேட்டுடலாம்னு மறுநாள் தண்டலம் சென்டருக்கு பஸ் ஏறி வந்தேன். சார் காலையிலதான் ஹைதராபாத் போனாரு, ஒரு மாசம் ஆவும், வாத்தியாருங்களுக்கே டிரெயினிங்னு ஸ்டோர் கீப்பர் நாகப்பன் சொன்னாரு. நல்லா கீது சார் கதை. அட்ரஸ் அவராண்டதான் வாங்கினேன்.

நான் எட்டாவதுதான். லெட்டர் பாஷையெல்லாம் வராது, பேசற மாதிரிதான் எழுதுவேன். கோச்சிக்காதீங்க. கோச்சிக்கினாலும் பரவால்ல.

அம்பது மில்லிமீட்டருக்கு அம்பது இரும்புத் துண்டு. அரம் போட்டு நாலு பக்கமும் சமமாக்கணும், நாலும் மேல் மட்டத்துக்கு நேரா நிக்கணும். அதான பரீட்சை? நான் போட்டேன். அந்த எல் மாதிரி ஸ்கொயர வெச்சிப் பாத்து, இடுக்குல வெளிச்சம் கொஞ்சம்கூட வராத வரைக்கும் போட்டுட்டுத்தான் உங்க கையில குடுத்தேன். நீங்க உங்க ஸ்கொயர வெச்சி ஜன்னலாண்ட தூக்கிப் பிடிச்சி, "வெளிச்சம் தெரியுதும்மா"ன்னு ஒரே வார்த்தையில கோடு கிழிச்சிட்டீங்க. எப்பிடி சார் தெரியும்? அந்த துண்டு இப்ப எம்முன்னாடிதான் கீது. ஊர்ல ஒருத்தன் வுடாம காட்டினேன்.

எங்க நெலம் எழுபது சென்ட்டு. எங்கம்மா எனக்குக் குடுத்தது. கம்பெனி அத எடுத்துக்கினு, வூட்டுக்கு ஒருத்தருக்கு வேல, உங்க சென்டர்ல ஆறு மாசம் படிச்சி பாஸாவணும்னு சொல்லிச்சி. நான் ஃபெயில்னா அந்த சீட்டுக்கு வூட்ல வேற பேர் குடுக்கலாமாம். டிசம்பர் இருவத்தினாலு கடைசி. எங்கூட்டுக்காரரு பலராமன் வேணாம்னுட்டாரு, "உன் நெலம், உன் வேல"ன்னுட்டாரு. ஆனா அவரு தம்பி மோகன் போட்டோவே எடுத்துக்கினு வந்துட்டான். என் நெலத்துக்கு அவன் வேலைக்குப் போவானாம். விடுவேனா?

என் துண்ட இன்னொரு தபா அளந்து பாக்கணும். அவ்ளோதான் கேக்கறேன்.

பாஞ்சாலி

---

ஹைதராபாத்
22-11-1991

திருமதி பாஞ்சாலி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் கடிதத்தின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். வயதில் நீங்கள் என்னைவிட ஏழெட்டு வருடம் மூத்தவர். அதற்காக மட்டுமே பொறுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

தேர்வு அன்று எல்லாருடைய துண்டையும் ஒரே கருவியால்தான் அளந்தேன். என் சொந்த ஸ்கொயர். முதல் சம்பளத்தில் பம்பாயிலிருந்து வரவழைத்தது. எண்ணெய்த் துணியில் சுற்றி மரப்பெட்டியில் வைத்திருப்பேன் என்பது உங்களுக்கே தெரியும். இருபத்திரண்டு பேருடைய துண்டில் வெளிச்சம் வரவில்லை. உங்கள் துண்டில் வந்தது, நாலு பக்கத்திலும் வந்தது. ஒருவருக்காக அளவை மாற்ற முடியாது.

ஒரு பயிற்றுநருக்கு என்னென்ன பொறுப்பு என்றுதான் இங்கே எங்களுக்கு வகுப்பு நடக்கிறது. படிக்க வருபவரின் தேவையை அறிவது, பாடத்தைத் திட்டமிடுவது, கற்பிப்பது, சோதிப்பது, கடைசியில் தான் செய்ததைத் திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்வது. ஐந்தும் சேர்ந்து ஒரு வட்டம். முதல் நாளே உங்களுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். அந்தப்படிதான் ஆறு மாதமும் நடந்தேன். என் மனசாட்சி சுத்தமாக இருக்கிறது.

பிப்ரவரியில் அடுத்த குழு தொடங்கும். மறுபடி சேர்ந்து பயிற்சி எடுங்கள். மனம் தளர வேண்டாம்.

இப்படிக்கு,
ம. ரகுபதி
பயிற்றுநர் (பிட்டர்)

---

ஒரகடம்
26-11-1991

சார்,

மனசாட்சி சுத்தமா கீதா? சரி, ஸ்கொயர் சுத்தமா கீதான்னு பாத்தீங்களா?

நீங்க எழுதனதுல ஒரே ஒரு வரி என்ன தூங்க வுடல. "நாலு பக்கத்திலும் வந்தது." எப்பிடி சார் நாலு பக்கமும் ஒரே மாதிரி தப்பு வரும்? கை தவறினா ஒரு பக்கம் கோணும், ரெண்டு பக்கம் கோணும். அந்த ரோசனையிலதான் நேத்து சென்டருக்குப் போனேன். நாகப்பனாண்ட சண்ட போட்டு உங்க மரப்பெட்டிய தொறக்க வெச்சேன். அவர திட்டாதீங்க, பாவம், "சாருக்குத் தெரிஞ்சா என் வேல போயிடும்மா"ன்னு அழாத குறையா நின்னாரு.

ரெண்டாவது வாரம் நீங்க நடத்தனீங்களே, அந்த சோதனைய செஞ்சேன். தகட்டு ஓரத்துல ஸ்கொயர வெச்சி ஊசியால ஒரு கோடு. அப்புறம் ஸ்கொயர அப்பிடியே பொரட்டி, அதே புள்ளியிலேர்ந்து இன்னொரு கோடு. ஸ்கொயர் ஒழுங்கா இருந்தா ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு வுழும். உங்க பம்பாய் ஸ்கொயர்ல ரெண்டு கோடும் மேல போவப் போவ வெலகிடுச்சி. நடுவுல ஷேவிங் பிளேடே நொழையுது. மூணு தபா போட்டேன். நாகப்பனும் போட்டாரு. அதே கததான்.

அப்ப நான் எப்பிடி சரியா போட்டேன்னு கேளுங்க. டேபிளாண்ட உங்க ஸ்கொயருக்கு ஆம்பளைங்க கூட்டம் நிக்கும். இடிச்சிக்கினு உள்ள போவ என்னால ஆவாது. எனக்குத் தொணைக்கு இருந்த ஞானம்மாவும் ரெண்டாம் மாசமே நின்னுட்டா. அதனால நாகப்பன் ஸ்டோர்லேர்ந்து துரு புடிச்ச ஸ்கொயர் ஒண்ணு குடுத்தாரு. கடைசி வரைக்கும் அத வெச்சிதான் அரம் போட்டேன். அதையும் நேத்து பொரட்டிப் பாத்தேன். ஒரே கோடு சார். ஒரே கோடு!

இப்ப புரியுதா? பாஸான இருவத்திரெண்டு பேரும் உங்க கோணல் ஸ்கொயருக்கு ஒத்து வரா மாதிரி கோணலா போட்டவங்க. நேரா போட்டவ நான் ஒருத்திதான், என்னத்தான் ஃபெயில் போட்டீங்க. சிரிப்பா வருது. அழுவையாவும் வருது.

இன்னொண்ணு. ஆயுத பூஜ அன்னிக்கு எல்லா டூலுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சி அடுக்கனோம். உங்க ஸ்கொயர, இரும்ப இறுக்கிப் புடிக்கற வைஸ் மேல நிக்க வெச்சி பூ போட்டீங்க. சூடம் காட்டக்குள்ள உங்க கை தட்டி அது சிமெண்ட்டு தரையில வுழுந்திச்சி. எல்லாரும் வெளிய பூசணிக்கா ஒடைக்கறதப் பாத்துக்கினு இருந்தாங்க. நீங்க எடுத்து வேட்டியில தொடச்சி, சுத்தும் முத்தும் ஒரு தபா பாத்துட்டு பெட்டிக்குள்ள வெச்சீங்க. நான் வாசல்ல செருப்பு வுட்டுக்கினு இருந்தேன். பாத்தேன்.

இத யாராண்டயும் இன்னும் சொல்லல. மொதல்ல உங்களுக்குத்தான் எழுதறேன்.

பாஞ்சாலி

---

ஹைதராபாத்
30-11-1991

பாஞ்சாலி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் வகுப்புக்கே போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

விழுந்தது உண்மைதான். பூஜையில் வைத்த கருவியை அன்று தொடக் கூடாது, மறுநாள் சோதித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் விடுமுறை. அதற்கு அடுத்த நாள் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. என் கருவிக்கு ஒன்றும் ஆகாது என்ற திமிர். அப்படியே விட்டுவிட்டேன். வேறு எவன் கருவியாவது விழுந்திருந்தால் அந்த நிமிஷமே சோதித்திருப்பேன்.

உங்களுக்குச் செய்தது அநியாயம். அதை நான் சரி செய்கிறேன். "பாஞ்சாலியின் துண்டை மறுபடி அளந்ததில் தேர்ச்சி" என்று பிரின்ஸ்பாலுக்கு இன்றே எழுதிவிடுகிறேன். இருபத்திமூன்று பேரும் பாஸ் என்று ஆகிவிடும். உங்கள் வேலை உங்களுக்கு. மோகனுக்கு வழியே இல்லை.

ஆனால் மற்ற இருபத்திரண்டு பேர் விஷயத்தை இதோடு விட்டுவிடுங்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பாஸ் என்று மாலை போட்டு ஊர்வலம் விட்டிருப்பார்கள். இப்போது இல்லை என்றால் என்னை மட்டுமல்ல, உங்களையும் சும்மா விடமாட்டார்கள். நான் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஒரு வருடம் முடிய நாலு மாதம் இருக்கிறது. வெளியே தெரிந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள்.

உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். தயவுசெய்து இதற்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

ரகுபதி

---

ஒரகடம்
4-12-1991

ரகுபதி சார்,

ஒப்புக்க மாட்டேன்.

பொய் சொல்ல மாட்டேன், உங்க லெட்டர படிச்சதும் மனசு ஆடிப்போச்சி. சும்மா இருந்தா போதும், வேல வந்துடும். எங்கூட்டுக்காரரு அடுப்பாண்ட கொழம்பு கொதிக்க வெச்சிக்கினு, "உன் இஷ்டம், ஆனா நீ சும்மா இருக்கற ஆளு இல்லியே"ன்னாரு. மனுசனுக்கு என்ன நல்லா தெரியும்.

கம்பெனியில மொத வாரமே ஒரு டெஸ்ட்டு வெப்பாங்களாம், உங்களுக்கும் தெரியும். அவங்க ஸ்கொயர் சாமி கும்புட்ட ஸ்கொயர் இல்ல, கரெக்டா இருக்கும். அதுல தேறலன்னா கேட்டுக்கு வெளிய. வேற பேரு குடுக்கறதும் கெடையாது, அந்த வூட்டு வேல அதோட போச்சி. இருவத்திரெண்டு பேரும் கோணலாவே கை பழகி வெச்சிக்கினு கீறானுங்க. அத்தினி பேரும் வெளிய வந்து நிப்பானுங்க. நெலமும் போச்சி, வேலையும் போச்சி. நான் மட்டும் உள்ள டிபன் டப்பாவ தொறந்து சாப்புடணும். தொண்டையில எறங்குமா?

அவனுங்க எனக்கு ஒண்ணும் வேண்டப்பட்டவனுங்க இல்ல. வைஸ் எட்டாம நான் செங்கல்லு மேல நின்னு அரம் போட்டப்ப சிரிச்சவனுங்கதான். அதுக்காவ அவனுங்க புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா?

அதுவுமில்லாம, என் ஒருத்திக்கு மட்டும் பின்னாடி பாஸ் போட்டா ஊர்ல இன்னா பேசுவாங்க? பொம்பள அழுது லெட்டர் எழுதனா, வாத்தியாரு எரக்கப்பட்டாருன்னு பேசுவாங்க. எனக்கு எரக்கம் வேணாம். என் துண்டு நேரா கீது. அத நேரா சொல்லுங்க, எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க.

வட்டம் வட்டம்னு எழுதியிருந்தீங்களே, வாங்க பாக்கலாம். படிக்க வரவங்களுக்கு இன்னா தேவைன்னு தெரிஞ்சிக்கணும், அதான மொத வேல? வைஸ் என் நெஞ்சு ஒசரத்துல கீது சார், பலக போடுங்கன்னு கேட்டேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா"ன்னீங்க. நானே ரெண்டு செங்கல்லு தூக்கிக்கினு வந்தேன். ஞானம்மா ஏன் நின்னான்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? பொம்பளைங்களுக்கு பாத்ரூம் இல்ல, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்காம நின்னு மயக்கம் போட்டா, அதான். பாடம் நீங்க நல்லா நடத்துவீங்க, நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். நீங்க நடத்தன சோதனைய வெச்சிதான உங்களையே புடிச்சேன்? ஆனா எங்களுக்கு பரீட்ச வெச்ச நீங்க உங்க டூலுக்கு வெக்கல. இப்ப அந்த அஞ்சாவது வேல, திரும்பிப் பாக்கறது, அத செய்யச் சொன்னா ஹைதராபாத்துல போத்திக்கினு படுத்துக்கறீங்க.

வட்டத்த முடிங்க சார். இல்லன்னா அழிச்சிடுங்க.

பத்தாம் தேதி வரைக்கும் பாப்பேன். பதினொண்ணாம் தேதி காலையில உங்க ஸ்கொயரையும் அந்த தகட்டையும் தூக்கிக்கினு பிரின்ஸ்பால் ரூமுக்கு நானே போவேன். ஸ்கொயர் இப்ப எங்கூட்லதான் கீது. நாகப்பனாண்ட கேக்காமத்தான் எடுத்தாந்தேன். திருட்டுன்னு கேஸ் குடுத்தாலும் குடுங்க.

பாஞ்சாலி

---

ஹைதராபாத்
7-12-1991

பாஞ்சாலி அம்மா,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது நான் ரயிலில் இருப்பேன். பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறேன்.

பிரின்ஸ்பாலுக்குப் பதிவுத் தபாலில் இன்று அனுப்பியதை அப்படியே கீழே எழுதியிருக்கிறேன். நான் பின்வாங்கினால் இதை வைத்து என்னைப் பிடியுங்கள்.

"நவம்பர் 11 அன்று நான் நடத்திய தேர்வின் முடிவு செல்லாது. அளந்த ஸ்கொயர் பழுதானது. அது கீழே விழுந்ததை அறிந்தும் நான் சோதிக்கவில்லை. தவறு முழுக்க என்னுடையது, பயிற்சி பெற்றவர்களுடையது அல்ல. இருபத்திமூன்று பேருக்கும் பத்து நாள் மறுபயிற்சி தந்து, வெளியிலிருந்து ஒருவரை அழைத்து மறுதேர்வு நடத்த வேண்டும். சரியாக அரம் போட்டவர் பாஞ்சாலி ஒருவரே. அதைக் கண்டுபிடித்தவரும் அவரே."

தபால் நிலையம் வரை போய் இரண்டு முறை திரும்பி வந்தேன், மூன்றாம் முறைதான் அனுப்பினேன். அது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

ரகுபதி

---

கோவில்பட்டி
21-12-1991

பாஞ்சாலி அம்மாவுக்கு,

ஊருக்கு வந்துட்டேன். இனிமே உங்களுக்கு நான் அதிகாரி இல்லைங்கிறதால எங்க ஊர்ப் பேச்சிலயே எழுதுதேன்.

பத்தொம்பதாம் தேதி சாயங்காலம் பிரின்ஸ்பால் கூப்பிட்டு, நாளையில இருந்து வர வேண்டாம்னுட்டாரு. மறுபயிற்சி முடியட்டும்னு அதுவரைக்கும் பொறுத்துக்கிட்டாரு போல. அவர் மேல எனக்குக் கோபம் இல்லை. நெசமாச் சொல்லுதேன், மனசு லேசா இருக்கு. அம்மாதான் ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காக.

நான் வகுப்பு முன்னால நின்னு விஷயத்தச் சொன்ன அன்னைக்கு நடந்தது கண்ணுக்குள்ளயே நிக்கி. கூட்டமா எந்திரிச்சி வந்தாங்களே! ஒருத்தன் உங்க செங்கல்லையே கையில தூக்கிட்டு வந்தான். மண்டை போச்சின்னுதான் நெனச்சேன். நீங்க பாட்டுக்குக் குறுக்கே வந்து, "குடுய்யா, நான் நிக்கறதுக்கு வேணும்"னு வாங்கிட்டுப் போயி வைஸுக்குக் கீழ போட்டு ஏறி நின்னு அரம் போட ஆரம்பிச்சிட்டீங்க. அந்த அரச் சத்தத்துல ஒவ்வொருத்தனா அவனவன் இடத்துக்குப் போனான். நான் அத்தன நாள் வாத்தியாரா நின்னு வாங்காத அமைதி அது.

அன்னைக்கே உங்களுக்குப் பலகை போட்டுக் குடுத்தேன். ஆறு மாசம் கழிச்சி. வெக்கமா இருக்கு.

மறுதேர்வு நேத்து நடந்திருக்கும். என்ன ஆச்சின்னு தெரியாம இருப்புக் கொள்ளல. ஒரு கார்டு போடுங்க. உங்க வீட்டுல இருக்க அந்த ஸ்கொயர தூக்கிக் கிணத்துல வீசிருங்க. நான் வேற இடத்துல வேலை கேட்டுப் பார்க்கணும். எவன் குடுப்பான்னு தெரியல. கேக்கத்தான் போறேன்.

ரகுபதி

---

ஒரகடம்
29-12-1991

ரகுபதி சாருக்கு பாஞ்சாலி எழுதறது. வணக்கம்.

மொத லெட்டர்ல வணக்கம் வெக்காம வுட்டேன்ல, அதையும் சேத்து வெச்சிக்கோங்க.

லேட்டுக்குக் காரணம் கீது. வியாழக்கெழம வேலையில சேந்துட்டேன். இன்னிக்குத்தான் லீவு.

பரீட்சைக்கு அம்பத்தூர்லேர்ந்து ஒரு பெரியவர் வந்தாரு. என் பழைய துண்ட காட்டினேன், "அதெல்லாம் செல்லாது, புதுசா போடும்மா"ன்னுட்டாரு. போட்டேன். உங்க பலக மேல நின்னுதான் போட்டேன். அவரு ஸ்கொயர வெக்கறதுக்கு முன்னாடியே, "சார், அத ஒரு தபா பொரட்டி கோடு போட்டுக் காட்டுங்க"ன்னேன். பிரின்ஸ்பால் மூஞ்சி போன போக்கு பாக்கணுமே! அந்தாளு சிரிச்சிக்கினே போட்டுக் காட்டினாரு. ஒரே கோடு. அப்புறம் என் துண்ட ஜன்னலாண்ட தூக்கிப் பிடிச்சாரு. வெளிச்சம் இல்ல சார். நாலு பக்கமும் இல்ல.

இருவது பேர் பாஸ். மூணு பேருக்கு பிப்ரவரியில திரும்ப வெக்கறாங்க, அது வரைக்கும் அவங்க வேலைய வேற யாருக்கும் தரக்கூடாதுன்னு எல்லாருமா போயி கம்பெனி ஆபீஸ்ல உக்காந்து எழுதி வாங்கிக்கினு வந்தோம். செங்கல்லு தூக்கனவன்தான் எல்லாருக்கும் முன்னாடி உக்காந்தான். மோகன் போட்டோவ சட்டப் பாக்கெட்ல வெச்சிக்கினு நாலு நாளா கம்பெனி கேட்டாண்ட நின்னான். இப்ப என்னாண்ட பேசறதில்ல. நிம்மதியா கீது.

ஸ்கொயர கெணத்துல போட மாட்டேன். சென்டர்ல நாகப்பனாண்ட குடுத்து, பிளாக்போர்டு பக்கத்துல ஆணி அடிச்சி மாட்டச் சொல்லிட்டேன். பெண்டாட்டி புள்ளைங்க மாதிரி பாத்துக்கறேம்மான்னு சொல்றாரு. பொம்பளைங்க பாத்ரூமுக்கும் மனு எழுதி கையெழுத்து வாங்கிக்கினு கீறோம். ஞானம்மா பிப்ரவரியில திரும்ப சேரப் போறா. பாத்ரூம் கட்டலன்னா நாங்க ரெண்டு பேரும் பிரின்ஸ்பால் பாத்ரூமுக்குப் போவோம்னு சொல்லிட்டு வந்தேன்.

உங்கள அவங்க அனுப்பனது எனக்குப் பொறுக்கல. தப்ப மறச்சி வெச்சிருந்தா நீங்க இன்னும் அங்கதான் இருந்திருப்பீங்க. ஒத்துக்கினதுக்கு வெளிய அனுப்பறாங்க. இது இன்னா நாயம்? இருவத்திமூணு பேரும் கையெழுத்து போட்டு ஒரு லெட்டர் குடுத்துட்டோம். பதில் வரல. வரலன்னா ஜனவரியில திரும்ப போவோம். நீங்க வேல தேடுங்க, வேணாங்கல. ஆனா நாங்க வுட்டுட்டோம்னு மட்டும் நெனச்சிக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. மொத நாளு கம்பெனியில சூப்பர்வைசர் கையில ஒரு புது ஸ்கொயர் குடுத்தாரு. பளபளன்னு கீது. நான் பேசாம தகட்டு ஓரத்துல வெச்சி ஒரு கோடு போட்டேன். பொரட்டி இன்னொரு கோடு போட்டேன். மொத்த லைனும் வேலைய வுட்டுட்டு பாக்குது. சூப்பர்வைசருக்கு மூக்கு மேல கோவம். "இன்னாம்மா, வந்த அன்னிக்கே கம்பெனி டூல சந்தேகப்படறியா? யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"ன்னு கேட்டாரு.

உங்க பேரத்தான் சொன்னேன்.

பாஞ்சாலி